தங்கையின் ரப்பர் பேண்ட்

யாராவது காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் பிடிக்காது. நீங்கள் அந்தப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவதைக்கூட நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பரவாயில்லை.

ஊசிமருந்துக் குப்பிகளைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். என் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். விளக்குப் பலகைக்கு முன்னால் நிமிடத்துக்கு நாற்பது குப்பி நகர்ந்து போகும். மயிரிழை விரிசல் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அதன் வழியே கிருமி புகுந்தால் மருந்தே விஷம். தங்கையின் இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்ட் உருண்டுகொண்டிருக்கும். சின்ன வயதில் சட்டைப் பொத்தான், பிறகு ஜடை நுனி, கடைசியில் இது. வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம்.

என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் சில குப்பிகள் போனதுண்டு. அவளிடம் அது நடக்காது. ஒன்பது வருடத்தில் ஒரு விரிசலைக்கூட அவள் விட்டதில்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கை சும்மா இருந்தா மனசு எங்கயோ போயிடுதுக்கா. இது உருண்டுக்கிட்டு இருந்தாத்தான் கண்ணு ஒரு இடத்துல நிக்குது."

ஆகவே, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

போன வருடம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வருகிற மாதத்திலிருந்து பிரிவைத் தங்கை பார்த்துக்கொள்ளட்டும், நான் பெட்டிக்குச் சீல் வைக்கும் பகுதிக்குப் போகலாம் என்றார். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் நான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் காலை, சுத்தம் பற்றிய விதியைக் காட்டி ரப்பர் பேண்டைக் கழற்றச் சொன்னேன்.

"அது இல்லாம எனக்கு வேலை ஓடாதுக்கா."

"எல்லாரும் சும்மாதானே உட்காந்திருக்காங்க? உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

கழற்றிக் கொடுத்தாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்ப்பவர்கள் என்ன கவனம் என்று மெச்சியிருப்பார்கள். கண் திறந்திருந்தது, அவள் அங்கே இல்லை. பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

அவள் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் நூறு குப்பியை நான் மறுபடி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான்காம் நாள் அந்த நூறில் மூன்று விரிசல் கண்டேன். அங்கேயே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். திட்டு வாங்கியவளுக்கும் பதவி கொடுப்பார்கள். வெளியிலிருந்து ஒரு புகார் வரட்டும் என்று நினைத்தேன். மூன்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

புகார் வரவில்லை. ஒரு மருத்துவமனையில் எங்கள் மருந்தை ஊசி போட்டுக்கொண்ட மூன்று பேர் இறந்த செய்திதான் வந்தது. ஒருத்தி பிரசவத்துக்கு வந்தவள்.

விசாரணையில், நான் பார்த்த நூறும் சரியாக இருந்தன என்றேன்; நம்பினார்கள். தங்கை, தான்தான் கவனிக்கவில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டாள். சிறையில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னால உன் பேரும் கெட்டுப்போச்சுல்லக்கா, மன்னிச்சிரு" என்றாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

அந்த மூன்று பேரைக் கொன்றது நான். அவளை விட்டுவிடுங்கள். ஆனால் அவளுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.