கிரகண ட்யூட்டி

கிழக்கேகோட்டை நெரிசலில் பஸ் நகரவே இல்லை. முன் சீட்டு மாமி முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ராத்திரி சந்திர கிரகணம். மாட்டுப்பொண்ணுக்கு ஏழு மாசம். ட்யூட்டிக்குப் போயிட்டா! எனக்கு இருப்பே கொள்ளலை."

"லீவு எடுக்கப்படாதோ?" என்றார் பக்கத்து மாமி.

"நிலாவைச் சுத்தற சாட்டிலைட்டுக்குக் கிரகணத்துல வெயில் கிடைக்காதாம். பேட்டரி தீராம கூடவே இருந்து பாத்துக்கணுமாம். 'வயத்துல இருக்கறதை யாருடி பாத்துக்கறது'ன்னு கத்திட்டேன்."

"என்ன சொன்னா?"

"பையை எடுத்துண்டா. கிரகண தோஷம் ஒட்டாம இருக்கட்டும்னு சாப்பாட்டு டப்பாவுல தர்ப்பைப் புல் ஒண்ணு போட்டுக் குடுத்தேன். சிரிச்சா. வாசல்வரைக்கும் போனவ திரும்பி வந்தா."

மாமி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"'மேல இருக்கறதுக்கும் ஒண்ணு குடுங்கோம்மா'ன்னா."