இருபத்தேழரை இஞ்ச்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் மடியில் இரண்டு புது சைக்கிள் சக்கரங்கள்.

“இத மாட்டினா எனக்குக் கால் தரையில எட்டாதுங்க,” என்றாள் மனைவி.

“சீட்டு முக்கால் இஞ்ச் கூட ஏறாது, வித்தியாசத்துல பாதிதான் உசரத்துல சேரும். உன்னோட மவுண்டன் பைக் பழசு, சக்கரம் இருபத்தாறு இஞ்ச். இது இருபத்தேழரை. டயர் உரசாதுன்னு கடைக்காரர் அளந்து பாத்துட்டாரு. இனிமே மேட்டுல நீ பின்தங்க மாட்ட.”

“பின்தங்கறேன்னு யாரு அழுதா?”

“பின்ன எதுக்கு ஞாயித்துக்கிழம வரமாட்டேங்கற? தனியா ஓட்டவே புடிக்கல எனக்கு.”

அவள் ஜன்னல் பக்கமிருந்து அவனிடம் திரும்பினாள்.

“முன்னெல்லாம் ஒவ்வொரு மேட்டுலயும் நின்னு என்னைத் திரும்பிப் பாப்பீங்க. உங்களுக்குப் புது சைக்கிள் வந்ததுல இருந்து பாக்கறதே இல்ல. அப்புறம் நான் எதுக்கு வரணும்?”

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகு அவன் சொன்னான்.

“சரி, இந்த வாரம் நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன். நீ நின்னு திரும்பிப் பாப்பியா?”

“பாக்காம?” என்றவள், ஒரு சக்கரத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.