சிவக்காத பச்சை

பெர்னடெட்: அப்பா, கண்ணாடியை ஆட்டாதேங்கோ! வெயில் நேரா இந்தப் போத்திலிலை விழவேணும்.

சிமியோன்: முப்பது வருசம் வலை இழுத்த கை, பிள்ளை. அது தானா ஆடும். உன்ரை டோர்ச்சுக்கு என்ன நடந்தது?

பெர்னடெட்: ஆமிக்காரர் பற்றரி ஊருக்குள்ளை விடுறாங்களில்லையே. இருந்தால் உங்களை ஏன் கேக்கிறன்?

சிமியோன்: கடலுக்கும் விடுறாங்களில்லை. அதுதான் நானும் மகளுக்குக் கண்ணாடி பிடிக்கிறன்... உதென்ன, பச்சையாக் கிடக்கு?

பெர்னடெட்: முருங்கையிலைச் சாறு. வெயில் பட்டால் ரத்தம் மாதிரிச் சிவக்கும். திங்கக்கிழமை கம்பஸிலை புரபெசர்மாருக்கு இதைக் காட்டித்தான் கதைக்கப்போறன்.

சிமியோன்: பச்சை எப்பிடியடி சிவக்கும்?

பெர்னடெட்: கேளுங்கோ. இலைக்குள்ளை பச்சையம் நூற்றுக்கணக்கிலை நிக்குது. வெயிலை எல்லாமே வாங்கும். ஆனால் அதை வைச்சு வேலை செய்யிற இடம் ஒண்டுதான். வாங்கினது அங்கை எப்பிடிப் போய்ச் சேருது எண்டதிலைதான் சண்டை.

சிமியோன்: ஆருக்கும் ஆருக்கும்?

பெர்னடெட்: படிச்ச ஆக்களுக்குள்ளைதான். ஒரு பகுதி சொல்லுது, ஒண்டிலையிருந்து பக்கத்திலை நிக்கிறதுக்குத் தாவித் தாவிப் போகுதாம். நீங்கள் வள்ளத்திலையிருந்து கரைக்கு மீன்கூடையைக் கைமாத்துற மாதிரி.

சிமியோன்: அதுதான் சரி. முடிஞ்சுது சண்டை.

பெர்னடெட்: பொறுங்கோ... மற்றப் பகுதி சொல்லுது, அது ஒண்டின்ரை கையிலை மட்டும் இல்லையாம். நெருங்கி நிக்கிறது எல்லாம் சேர்ந்து ஒண்டா ஏந்துதாம். வலையிலை மீன் துடிச்சால் ஒரு வலைக்கண் மட்டுமோ ஆடுது?

சிமியோன்: அங்காலை இஞ்சாலை எல்லாம் ஆடும்... சே, அதுவும் சரிபோலைக் கிடக்கு. நீ எந்தப் பக்கம்?

பெர்னடெட்: நெருங்கி நிக்கிற இடத்திலை ரெண்டாவது சரி, தள்ளி நிக்கிற இடத்திலை முதலாவது சரி எண்டு சொல்லப்போறன்.

சிமியோன்: ரெண்டு பகுதியிட்டையும் வாங்கிக் கட்டப்போறாய்.

பெர்னடெட்: அதுதான் இந்தப் போத்தில் வேணும். இலையைக் கரைச்சு எடுத்தால் பச்சையம் நெருங்கி நிக்கிற அந்த ஒழுங்கு குலைஞ்சுபோம். வாங்கின வெயிலைக் குடுக்கப் பக்கத்திலை ஆளில்லை. சிவப்பு வெளிச்சமா வெளியிலை கொட்டிவிடும். கண்ணாலை கண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்.

சிமியோன்: கரைக்கிறதெண்டால்... என்னத்திலை கரைச்சனி?

பெர்னடெட்: கண்ணாடி, அப்பா, கண்ணாடி. சரியுது.

சிமியோன்: கதையை மாத்தாதை. கம்பஸிலை ஸ்பிரிட் இல்லையெண்டு போன கிழமை அழுதனியெல்லே?

பெர்னடெட்: பிறகு கிடைச்சுது.

சிமியோன்: எங்கை?

பெர்னடெட்: பழைய வலைக்குக் கீழை.

சிமியோன்: எந்த வலைக்குக் கீழை?

பெர்னடெட்: பயப்பிடாதேங்கோ. ஆரோ ஒருத்தர் அந்தோனியாருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு இனித் தொடமாட்டன் எண்டு நேர்ந்தவர். அவற்றை வலையா இருக்காது.

சிமியோன்: மெல்லக் கதையடி! கொம்மா குசினிக்குள்ளை நிக்கிறா... அது வள்ளத்துக்குப் பூச வைச்சிருந்தனான்.

பெர்னடெட்: நெருப்புக்குச்சி காட்டினால் நீலமா எரியிற வடிசாராயத்தையோ?

சிமியோன்: எல்லாத்தையுமோ ஊத்தினனி?

பெர்னடெட்: ஒரு சொட்டு மிச்சமில்லை... ஐயோ அப்பா, சிவக்கேல்லையே! முந்தநாள் நல்லாச் சிவந்தது!

சிமியோன்: வெயில் காணாதோ?

பெர்னடெட்: வெயில் கண்ணைக் குத்துது. பொறுங்கோ, மணந்து பாப்பம்... மணமே இல்லை. இது வெறும் தண்ணி! ஆரோ தண்ணியிலை இலையை அரைச்சு ஊத்தி வைச்சிருக்கினம். தண்ணியிலை அந்த ஒழுங்கு குலையாது, எப்பிடிச் சிவக்கும்? அப்பா!

சிமியோன்: என்னை ஏன் முழிச்சுப் பாக்கிறாய்?

பெர்னடெட்: குடிச்சுப்போட்டியள்! முருங்கையிலை எண்டும் பாராமல்!

சிமியோன்: அந்தோனியார் அறிய நான் தொடேல்லை! நீ ஒளிச்சு வைச்ச இடம் தெரிஞ்சிருந்தால்...

பெர்னடெட்: தெரிஞ்சிருந்தால்?

சிமியோன்: ...கும்பிட்டுப்போட்டுப் போயிருப்பன்.

பெர்னடெட்: பகிடி விடாதேங்கோ. திங்கக்கிழமை அத்தினை பேருக்கும் முன்னாலை நான் என்னத்தைக் காட்டுறது? வெறும் வாயாலை சொன்னால் நம்புவினமோ?

சிமியோன்: அழாதை பிள்ளை... கொம்மாவுக்குச் சொல்லமாட்டன் எண்டு சொல்லு. இன்னொண்டு கிடக்கு. கோழிக்கூட்டுக்குப் பின்னாலை...

செபஸ்தியம்மா: அங்கை போகாதேங்கோ. அதுவும் முடிஞ்சுது.

சிமியோன்: செபஸ்தி! நீ... எப்ப தொடக்கம் கதவடியிலை நிக்கிறாய்?

பெர்னடெட்: முடிஞ்சுதெண்டால், அம்மா... கொண்டுபோய் ஊத்திப்போட்டியளோ?

செபஸ்தியம்மா: ஏன் பிள்ளை ஊத்துவான்? ஷெல் சத்தத்துக்கு எனக்கு நித்திரை வாறேல்லை. உன்ரை பச்சை கொஞ்சம் கசப்பு. கோழிக்கூட்டுச் சாமான் நல்ல சாமான். அழாதை, ஒரு கிளாஸ் உனக்கெண்டு மிச்சம் வைச்சிருக்கிறன். காணுமோ?

பெர்னடெட்: ...காணும், அம்மா.

சிமியோன்: அடி பாவி! அந்தோனியாருக்கு முன்னாலை என்னைச் சத்தியம் பண்ண வைச்சுப்போட்டு...

செபஸ்தியம்மா: நேர்ந்தது நீங்கள். நான் பக்கத்திலை மெழுகுதிரி மட்டும்தான் பிடிச்சனான்.