சட்டியை வீசியவள்

"சட்டியை ஜன்னல் வழியா வீசினது நான்னு ஏன்டி எழுதின?"

நீலாய் ஸ்டேஷனில் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"நீதானே வீசின, ரேவதி."

"மீ கோரேங் வறுக்கறப்ப சட்டியே தீப்பிடிச்சா வேற என்ன செய்யறது? இப்ப புக்கா வேற வரப்போவுது."

"ஆமாலா. காலையிலதான் பப்ளிஷர் ஃபோன் பண்ணாங்க. வாடகை வீட்டுல தனியா இருக்கற நாலு பொண்ணுங்க கதை, படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சாங்களாம்." எழுதியவளுக்குச் சந்தோஷத்தில் இருக்கையில் உட்காரவே முடியவில்லை.

ரேவதியும் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "கோலா சாவா எஸ்டேட்டுல எங்கம்மா படிச்சா என்ன ஆவும்? நான் ஒழுங்கா இருக்கேன்னு நம்பிட்டு இருக்காங்க. மறுநாளே வந்து எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஆண்ட்டி படிச்சிட்டாங்க. போன வாரமே அனுப்பினேன். உன்னப்பத்தி எழுதியிருக்கேன், கேக்கணும் இல்ல?"

"என்னைக் கேக்கலயே."

"நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"அம்மா என்ன சொன்னாங்க?" ரேவதியின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு தடவ படிச்சாங்களாம். முதல்ல அப்பா வீடு, அப்புறம் மாமியார் வீடு, தனியா இருந்ததே இல்லன்னாங்க. உங்கப்பாவ வீட்டுல விட்டுட்டு, லீவுல ஒரு வாரம் நம்மகூட வந்து தங்கட்டுமான்னு கேட்டாங்க."

ரேவதி ஜன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

"அம்மா, எப்ப வர்றீங்க? கட்டில் இல்ல, பாய் கொண்டாந்துருங்க."