பலகையில் விழாத குண்டு

எடை குறைந்த ரிவால்வருக்குத்தான் உதை அதிகம், ஐயா. பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெரியதுதான் கையை முறிக்கும், சின்னது பூப்போல இருக்கும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. கனமானது தன் உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானதுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் பிடித்திருக்கிறவன் மணிக்கட்டில் இறக்கிவிடும்.

ஏட்டையா எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். என் பெயர் செந்தூர்பாண்டி. துறைமுகத்தில் பஞ்சுப்பொதி சுமக்கிறவன். பாஸ்கல் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்டீர்கள். அது வள்ளத்தில் தொடங்கியதில்லை. ரிவால்வரில் தொடங்கியது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் உப்பளத்தில் உழைத்து உப்பளத்திலேயே போனார்கள். கூடப் பிறந்தது இல்லை. கல்யாணம் பேச ஆளும் இல்லை. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது பொதி அடுக்கும் கிட்டங்கிச் சுவரைப் பார்த்து உட்காருவேன். யார்மேலும் கோபத்தினால் அல்ல. எதிரே ஆள் இல்லாதபோது சுவர் இருந்தால் ஒரு துணை. என்னோடு ஒருவனும் சண்டைகூடப் போட்டதில்லை. அப்படியே முப்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

யுத்தத்தின் நடுவில் காவல் லாஞ்சுகள், அந்த மோட்டார் படகுகள், வந்தன அல்லவா, நாற்பத்து மூன்றில். லாஞ்சில் நிற்கிறவன் ஏணியில் ஏறி இறங்கும்போது கனமான ரிவால்வர் இடுப்பில் இடிக்கும். அதனால் லேசான தினுசில் சிலதை அனுப்பி, எது இந்தப் பக்கத்து ஆட்களின் கைக்கு அடங்கும் என்று சுட்டுப் பார்த்து எழுதச் சொன்னார்கள். அந்த வேலைக்கு ஒரு சட்டைக்காரச் சார்ஜண்ட், ஆங்கிலோ இந்தியர், வந்தார். முரட்டுக் கை ஒன்று, மெல்லிய கை ஒன்று வேண்டும் என்றார். முரட்டுக் கைக்கு என்னைப் பிடித்தார்கள். மெல்லியதுக்குப் பாஸ்கல் வந்தான்.

பாஸ்கல் சங்கு குளிக்கிறவன், மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவன். அந்த வருஷம் குளிக்கப் போகாமல் கரையில் சும்மா கிடந்தான். ஒல்லியான ஆள், நெஞ்சு மட்டும் தவில் மாதிரி. முதல் நாளே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, கையா துடுப்பா?" என்றான். அதுவரை என்னை யாரும் கேலி செய்ததில்லை.

உப்பளங்களைத் தாண்டி, முள்ளடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே ஒரு மணல்மேடு உண்டு. அதன்முன் பெட்டிப் பலகையில் காகிதம் ஒட்டி நட்டு வைப்போம். காலையில் வெயில் ஏறுமுன் சுடுவோம். முதலில் மணல்மூட்டையில் கையைச் சாய்த்து. பிறகு நின்றுகொண்டு, ஒற்றைக் கையால். ஒவ்வொரு தடவையும் சார்ஜண்ட் அதே மூன்றைக் கேட்பார். உதை எப்படி, விரலுக்கு விசை எப்படி, குண்டு எங்கே போகிறது. எனக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான். பொதி சுமந்த கை அது. உதையும் தெரியாது, விசையும் தெரியாது. வெடுக்கென்று இழுப்பேன், குண்டு மணலுக்குப் போகும். சார்ஜண்ட் என் கைக்கு 'மரக்கட்டை' என்று பெயர் வைத்தார்.

பாஸ்கல் அப்படியில்லை. சுடும்போது குளிக்கப் போகிறவன்போல மூச்சை அடக்கிக்கொள்வான். அவன் கை கல்லாகிவிடும். எனக்கும் சொல்லிக் கொடுத்தான்.

"ஏலே பாண்டி, இழுக்காதலே. விரலால கேளு. முதல்ல லேசா வரும். அப்புறம் ஓரிடத்துல வந்து நிக்கும். அங்கன மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நீயும் நில்லு. தானா உடையும், குண்டு பாயும்."

"உடையாட்டி?"

"உடையாட்டி உன் மூக்கை உடைக்கேன். சுடுலே."

எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அவன் சொல்லிக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது. சுட்டு முடித்ததும் உடைமர நிழலில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்த மீன்குழம்பை என் கஞ்சிக்கு ஊற்றுவான். எதிரே ஆள் இருக்கும்போது கஞ்சிக்கு வேறு ருசி வந்துவிடுகிறது. இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

அவன் நன்றாகச் சுட்டதுதான் கெடுதலாகப் போயிற்று. நன்றாகச் சுடுகிறவனை லாஞ்சுக் காவலுக்கு எடுத்துப் பம்பாய்க்குப் பழக அனுப்புவார்கள் என்று சார்ஜண்ட் சொன்னார். அன்று முழுக்கப் பாஸ்கல் பம்பாயைப் பற்றியே பேசினான். "உன்னைப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சுக் கொண்டு போயிருவேன், கவலப்படாத" என்றான். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

பலகையில் விழுந்த ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுவது என் வேலை. சார்ஜண்ட் கிட்டே வந்து பார்க்குமுன், நடுவில் விழுந்த பாஸ்கலின் ஓட்டைகளில் சிலவற்றைப் பசை தடவி மூடிவிட்டேன். யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. சார்ஜண்ட் அவனைக் குறை சொல்லவில்லை. ரிவால்வரைத்தான் சொன்னார், குண்டைச் சிதறவிடுகிறது என்று. ஆனால் பாஸ்கல் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் விட்ட குண்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வந்து பலகைகிட்ட நில்லுங்க" என்று சார்ஜண்டையே கூப்பிட்டு நிறுத்தினான். எல்லாம் நடுவில். சார்ஜண்ட் அவன் முதுகில் தட்டினார். அந்த வாரமே ரயிலுக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள்.

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்கிறேன். ஏனென்றால் நான் எதுவும் செய்யவில்லை என்பது இதில்தான் இருக்கிறது.

உப்புக்காற்றில் தோட்டா நமுத்துப் போகும். அப்படிப்பட்டது வெடித்தால் சத்தம் சின்னதாக வரும், 'புஸ்' என்று. உதை இருக்காது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் போக வழியில்லாமல் துப்பாக்கியே வெடிக்கும். லேசான தினுசு என்றால் இன்னும் மோசம். அதன் இரும்பு மெல்லிசு. சார்ஜண்ட் முதல் நாளே எங்களை உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தார். சத்தம் சின்னதாகக் கேட்டால் கீழே வை, என்னைக் கூப்பிடு என்று.

பாஸ்கலுக்கு அது அங்கே கடைசி நாள். சார்ஜண்ட் தன் வண்டியருகே யாரோ அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். பாஸ்கல் கிழக்கே உடைமரத்தடியில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். நான் சுட்டேன். புஸ்ஸென்றது. என் மரக்கட்டைக் கைக்கே உதை இல்லாதது தெரிந்தது. பலகைக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். புதிய ஓட்டை இல்லை. மணலிலும் தடம் இல்லை. திரும்பி வந்தேன். ரிவால்வரில் இன்னும் தோட்டாக்கள் மிச்சமிருந்தன.

பாஸ்கல் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தான். "இந்தா, இதோட விசையைப் பாரு" என்று நீட்டினேன். வாங்கினான். மூச்சை அடக்கினான்.

அவ்வளவுதான். நான் கொடுத்தேன், அவன் வாங்கினான்.

வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின. கண் இரண்டும் போயின. ஒரு விரல் போனால் போதும், பம்பாய் போக முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை நான் நினைக்கவில்லை. அந்தத் தினுசே காவலுக்கு லாயக்கில்லை என்று சார்ஜண்ட் எழுதி அனுப்பிவிட்டுப் போய்விட்டார். ஒருவகையில் அதனால் எத்தனையோ பேருடைய கை தப்பியது.

பாஸ்கலுக்கு ஒரே அக்காள், விக்டோரியா. மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றாள். வாசலில் வைத்தே சொன்னேன்: "மாப்பிள்ளை வீட்டுக்குப் பாரமா வரமாட்டேங்கான், உங்களைப் பார்க்கவே வேண்டாங்கான்." உள்ளே போய் அவனிடம் சொன்னேன்: "அக்கா வந்து எட்டிப் பார்த்துட்டு அழுதுக்கிட்டே போயிட்டா. மச்சான் சம்மதிக்கலையாம்." இரண்டு பேரும் நம்பினார்கள். என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

நான்கு வருஷம் பார்த்துக்கொண்டேன் ஐயா. ஊரில் கேட்டுப் பாருங்கள். மீனில் முள் எடுத்து ஊட்டினேன். கட்டிலிலிருந்து கொல்லைவரை ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்து நடக்கப் பழக்கினேன். கோயிலில் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னாராம், நான் கிறிஸ்து வேதக்காரன் இல்லாவிட்டாலும். சாயங்காலம் பொதி இறக்கிவிட்டு வரும்போது வீட்டுக்குள்ளிருந்து "பாண்டியா?" என்று ஒரு குரல் கேட்கும். அதற்காகவே வேகமாக நடப்பேன். என் வாழ்நாளில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த நான்கு வருஷத்தைத்தான் சொல்வேன். அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது விக்டோரியா வந்துவிட்டாள். புருஷன் செத்துவிட்டான், இனி யாரைக் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். நான் திரும்பியபோது அன்று ஆஸ்பத்திரியில் நான் ஆளுக்கொன்றாகச் சொன்னதை இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். அவள் என்னை ஏசவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வண்டி கொண்டாறேன்" என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பாஸ்கல் கயிற்றைப் பிடித்துக் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"அன்னைக்கு எனக்கு முந்தி நீ ஒண்ணு சுட்டியே, அது சின்னச் சத்தமால்லா கேட்டுச்சு?"

"கொண்டல் காத்துல்லா அடிச்சுது. கடல் காத்துக்குச் சத்தம் உன் பக்கம் எப்படி வரும்?" என்றேன்.

"கொண்டல் இல்லலே, கச்சான். மேக்கேயிருந்து புழுதி. தண்ணி குடிக்கையில வாயெல்லாம் மண்ணு, துடைச்சுக்கிட்டேதான் வந்தேன்." காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்: "அன்னைக்குக் காதுல விழுந்துச்சு, மனசுல விழல. நாலு வருசமா இருட்டுக்குள்ள அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

காற்றை அவனிடம் மாற்றிச் சொன்னது தப்பு. கடலில் பிறந்தவன் அவன்.

அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டான். சனிக்கிழமை காலையில், "ஒரு வள்ளம் கேட்டு வாங்குலே. போறதுக்கு முன்னாடி ஒரு முக்கு குளிச்சுட்டுப் போறேன். நீ கயிறு பிடி" என்றான்.

"நானா?"

"எங்க வீட்டுல அப்படித்தான். சண்டை தீந்துச்சுன்னா வாயால சொல்ல மாட்டோம். கயித்தைக் கையில குடுத்துருவோம்."

அவன் என்னை மன்னித்துவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா.

ஆழம் அதிகமில்லாத இடத்தில்தான் நிறுத்தினேன். குளிக்கிறவன் பாரத்துக்குக் கட்டிய கல்லின் வளையத்தில் காலை நுழைத்து இறங்குவான். கீழே போனதும் காலை உருவிக்கொள்வான். மூச்சு முடியும்போது இடுப்புக் கயிற்றை ஒருதரம் சுண்டுவான். மேலே இருக்கிறவன் தூக்க வேண்டும். பாஸ்கலுக்கு விரல் போதாது, கல் நழுவிவிடும் என்று வளையத்தை அவன் கணுக்காலில் நானே இறுக்கிக் கட்டினேன். "இறுக்கமா இருக்கேலே" என்றான். "இருக்கட்டும்" என்றேன். சிரித்தான். கயிற்றின் முனையை என் கையில் தேடிக் கொடுத்தான். நான் வாங்கினேன். இறங்கிவிட்டான்.

தண்ணீர் அமைதியாக இருந்தது. வெயிலில் கோயில் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. நாளைக்கு அங்கே பூசை முடியும், வண்டி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கயிறு சுண்டியது.

நீரோட்டம் இழுத்திருக்கும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இல்லை. அது சுண்டியது. என் கைக்குத் தெரிந்தது. மறுபடியும் சுண்டியது. பிறகு விடாமல் இழுத்தது, பொதி இழுப்பதுபோல. பிறகு ஓரிடத்தில் வந்து நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஐயா, விசையைப் பற்றி அவன் அவ்வளவு நாள் சொன்னது என் விரலுக்குப் புரிந்தது. முதலில் லேசாக வரும். ஓரிடத்தில் நிற்கும். அவசரப்படக் கூடாது. தானாக உடையும்.

உடைந்தது. கயிறு தொய்ந்தது.

சாளை வலைக்காரர்கள் கரைக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்தார்கள். அவர்கள்தான் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி அவனை மேலே எடுத்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் தடம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். நான் கயிற்றைக் கைவிட்டேன் என்று அந்த அக்காள் கோயில் வாசலில் நின்று சொல்கிறாளாம். அது பொய். கடைசிவரை நான் அவனை விடவே இல்லை.