உப்புச் செர்ரி பைக்கு நீல ரிப்பன்

— டீச்சர், முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. ஃபேன் சத்தத்துல நாம பேசறது வெளியில கேக்காதுதான், ஆனாலும் சாத்துங்க.

— இந்த வெக்கையில சாத்தினா ரெண்டு பேரும் வெந்துபோவோம், மார்லிஸ். என்ன, மறுபடியும் யாரோட பன்னியாவது அவுத்துக்கிட்டு ஓடிருச்சா?

— பன்னி ஓடியிருந்தா நான் சிரிச்சுக்கிட்டே வந்திருப்பேன். இது பை விஷயம். காலையில திருவிழாப் போட்டியில முதல் பரிசு குடுத்தீங்களே, சாப்பாட்டுக்கடை ட்ரூடி செர்ரிப் பழத்தை மாவுக்குள்ள வச்சுச் சுட்ட பை.

— ஆமா, நீல ரிப்பன். அதுக்கென்ன?

— தீயணைப்பு வண்டிக்கு நிதி சேக்க அதை ஏலம் விட்டோம்ல? தீவனக்கடை ஆர்வல் எடுத்தாரு. எடுத்த கையோட, ட்ராக்டர் போட்டி பார்க்க நின்ன அத்தனை கூட்டத்துக்கும் நடுவுல, ஒரு பெரிய துண்டா வெட்டி வாயில போட்டாரு.

— ம்.

— போட்ட வேகத்துல துப்பினாரு டீச்சர். துப்பிட்டு லெமனேடு விக்கற பொண்ணுகிட்ட ஓடி மடக்கு மடக்குன்னு ரெண்டு டம்ளர் குடிச்சாரு. சர்க்கரை போடவேண்டிய இடத்துல உப்பு. பை முழுக்க உப்பு!

— ஏதோ ஒரு சிட்டிகை கூடியிருக்கும்.

— சிட்டிகையா! நானும் போய் ஒரு துளி நாக்குல வச்சுப் பார்த்தேன். மாடு நக்கறதுக்குக் கொட்டகையில உப்புக்கட்டி போடுவோமே, அதுக்குச் செர்ரி கலர்ல சட்டை மாட்டி விட்ட மாதிரி இருக்கு. இன்னும் தொண்டை எரியுது.

— ஓ.

— ஓவா? காலையில அத்தனை பேரு முன்னாடி, மைக்கைப் பிடிச்சு, “இனிப்பும் புளிப்பும் அளவா இருக்கு, ஒண்ணை ஒண்ணு மிஞ்சலை”ன்னு சொன்னீங்க. அதை அட்டையில எழுதினது நான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரிப்பனுக்குக் கீழ சொருகினதும் நான்.

— அந்த அட்டையை எடுத்துரு.

— எடுத்துட்டேன், இதோ ஏப்ரன் பாக்கெட்டுல கிடக்கு. நீங்க விஷயத்தைச் சொல்லுங்க. உங்க துண்டுல மட்டும் உப்பு விழாம தப்பிச்சுருச்சா?

— அதுல எப்படித் தப்பிக்கும்? நான் தின்னதும் அந்தப் பைதானே.

— அப்புறம்?

— எனக்கு ருசி தெரியாது, மார்லிஸ்.

— இன்னைக்கா? வெயில் ஏறினா நாக்கு வறண்டுபோயி அப்படித்தான்...

— இன்னைக்கு இல்லை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் குளிர்காலத்துல எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, வாசல்ல சூப் வச்சுட்டுப் போனியே. காய்ச்சல் இறங்குச்சு, ருசி திரும்பி வரலை. லிங்கன் நகரம் வரைக்கும் போய் டாக்டரைப் பார்த்தேன். பொறுத்துப் பாருங்கன்னாரு. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எலுமிச்சையைக் கடிச்சா ஈரம் தெரியுது. அவ்வளவுதான்.

— அப்ப போன வருஷத் திருவிழா?

— ருசி தெரியாமத்தான் நடுவரா உக்கார்ந்தேன்.

— அதுக்கு முந்தின வருஷம்?

— அதுவும்.

— ஐயோ டீச்சர்! எனக்கு மாவுல வெண்ணெய் பிசையக் கத்துக்குடுத்ததே நீங்க. பள்ளிக்கூடத்துல, கடையில பிசைஞ்சு வித்த மாவை நான் பிசைஞ்சதுன்னு சொன்னதுக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவ வச்சீங்க. அந்த நீங்களா?

— கத்தாதே. அந்த நானேதான்.

— சரி, கத்தலை. ஆனா எப்படி? ரெண்டு வருஷத்துல ஒரு தப்பும் வரலையே. போன தடவை ட்ரூடிக்கு முதல் பரிசு குடுத்தப்போ ஊரே சரின்னுச்சு. நானும் சாப்பிட்டேனே, கண்ணுல தண்ணி வந்துருச்சு, அப்படி ஒரு பை.

— அதேதான்.

— எது?

— உன் கண்ணுல வந்த தண்ணிதான். மேலோடு எப்படி உடையுது, அடி வெந்திருக்கா, சாறு ஓடாம நிக்குதா, இதெல்லாம் கத்தி வச்சாலே எனக்குத் தெரியும். மிச்சத்துக்கு உன்னைப் பார்ப்பேன். நான் ஒரு வாய் எடுத்ததும் எனக்குப் பக்கத்துல நீ ஒரு வாய் எடுப்பேல்ல? நல்லா இருந்தா உன் புருவம் மேல ஏறும். சுமாரா இருந்தா பேனாவைத் திருகுவே. மோசமா இருந்தா உடனே தண்ணி டம்ளரைத் தேடுவே.

— என் மூஞ்சியை வச்சா பரிசு குடுத்தீங்க?

— உன் நாக்கு நல்ல நாக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

— இந்த வருஷம் நான் ஒரு வாய்கூட எடுக்கலையே. செவ்வாய்க்கிழமை கடவாப்பல்லைப் பிடுங்கிட்டாங்க...

— காலையில நீ கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னப்பவே இந்தத் தடவை மாட்டிக்குவேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பவே எழுந்து போயிருக்கணும்.

— போயிருக்கலாமே! போன வருஷமே போயிருக்கலாமே. “எனக்கு முடியலை”ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாரு உங்களைத் தப்பா பேசப்போறா?

— யாரும் பேசமாட்டாங்க. அதுதான் கஷ்டம். ஜூலை வந்தா நீ போன் பண்ணுவே. “டீச்சர், நடுவர் கோட்டைத் தேய்ச்சு வைங்க”ம்பே. வழியில பார்க்கறவனெல்லாம் “இந்தத் தடவை பீச்சா செர்ரியா”ன்னு வம்புக்கு இழுப்பான். மத்த பதினோரு மாசத்துல என் போன் எத்தனை தடவை அடிக்குதுன்னு நினைக்கறே? வீட்டுல தனியா உக்கார்ந்து, ருசியே தெரியாத ஓட்ஸைக் கிண்டித் தின்னுட்டு... விடு. அது காரணம் இல்லை, சாக்கு.

— நானும் அடிக்கடி வந்திருக்கணும்.

— உன்னைக் குத்திக்காட்டச் சொல்லலை.

— சரி, அழுதுக்கிட்டு நிக்க நேரமில்லை. நான் சொல்றதைக் கேளுங்க. மேசையில பை மாறிப்போச்சுன்னு சொல்லிருவோம். இருபத்தி மூணு பை இருந்துச்சு, புழுக்கம், கூட்டம், நம்பர் சீட்டு கீழ விழுந்து மாத்தி ஒட்டிட்டோம். முடிஞ்சுது.

— மாத்தி ஒட்டினது யாரு?

— நான்னு சொல்லிக்கறேன். என்னை யாரு என்ன பண்ணுவா?

— அடுத்த வருஷம் பையைக் கொண்டு வர்றவங்க உன் கையில குடுக்கப் பயப்படுவாங்க. அதைத்தான் பண்ணுவாங்க. வேண்டாம். ரெண்டாவது வந்த பாதிரியார் சம்சாரம் ஒன்பது வருஷமா நீல ரிப்பனுக்கு ஏங்குது. அதுகிட்ட நானே போய்ச் சொல்றேன். அப்புறம் மைக்கிலயும் நானே சொல்லிர்றேன்.

— மைக்கிலயா? ராட்டினத்துல சுத்தற குழந்தைக்குக்கூடக் கேக்குமே டீச்சர்!

— காலையில பொய்யும் அதே மைக்கிலதானே சொன்னேன்.

— அப்ப ட்ரூடி? அவ உங்களைச் சும்மா விடுவாளா? அந்த வாய்க்கு லாரிக்காரங்களே பயந்துதான் சாப்பிட்டுட்டுப் போறாங்க.

— அவகிட்டதான் முதல்ல போகணும். என் கோட்டை எடு... யாரது கதவைத் தட்டறது?

— ஆர்டித் அக்கா! மார்லிஸ்! நான்தான், ட்ரூடி. உள்ள என்ன குசுகுசுன்னு, திறங்க.

— வா ட்ரூடி, வா. இப்பத்தான் உன் பேச்சு...

— என் பேச்சு இந்த மைதானம் பூரா ஓடுது மார்லிஸ். ஆர்வல் துப்பின சேதி கோழிக்கூண்டு வரைக்கும் போயிருச்சு. குதிரைக்காரன் ஒருத்தன் என்னை நிறுத்தி, “உன் பையில ஒரு துண்டு குடு, என் குதிரைக்கு உப்பு பத்தலை”ங்கறான். இந்தாங்கக்கா, ரிப்பன். எடுத்துக்கோங்க.

— ட்ரூடி, உக்காரும்மா. தப்பு உன்மேல இல்லை.

— பின்ன யாருமேலக்கா? எல்லாம் என் தங்கச்சி வேலைதான். ஓமாஹாவிலிருந்து லீவுக்கு வந்தவ, சும்மா இருக்காம என் வீட்டு அடுக்களையைத் துடைச்சு அடுக்கியிருக்கா. சர்க்கரை டப்பா இருந்த இடத்துல உப்பு டப்பா. இடத்தைப் பார்த்து எடுத்தேன், அள்ளிக் கொட்டினேன். ஆர்வல் துப்பின பிறகுதான் போய்ப் பார்க்கறேன்.

— டப்பா மாறினது உன் வீட்டுல. அதுக்கு ரிப்பன் குடுத்தது நான். எனக்கு ருசி தெரியாது ட்ரூடி. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த காய்ச்சல்ல போச்சு. யாருகிட்டயும் சொல்லாம நடுவரா உக்கார்ந்தேன். மைக்கில சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு கிளம்பினேன், நீயே வந்துட்டே.

— என்னக்கா சொல்றீங்க?

— உண்மையைத்தான்.

— அப்ப போன வருஷம்? போன வருஷம் எனக்குக் குடுத்தீங்களே, அதுவும் தெரியாமயா?

— டீச்சர், பாருங்க, இவ மூஞ்சி வெளுக்குது. ட்ரூடி, தண்ணி குடி.

— தண்ணி கிடக்கட்டும் மார்லிஸ். அக்கா, சொல்லுங்க. போன வருஷ ரிப்பனும் பொய்யா?

— பொய் இல்லை. நான் மார்லிஸ் மூஞ்சியைப் பார்த்துத்தான் குடுத்தேன். அவ கண்ணுல தண்ணி வந்துச்சு. அது மெய்யான பை.

— மார்லிஸ், நீ சொல்லு. நிஜமாவா? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாதே.

— நிஜமா ட்ரூடி. இந்த ஊர்ல நான் தின்ன பையிலேயே அதுதான் நல்ல பை.

— அது போதும்.

— ட்ரூடி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. முப்பது வருஷமா கடை நடத்தறவ நீ. அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்க்கமாட்டியா?

— பார்த்தேன்க்கா. ரெண்டு வருஷமா தினம் வச்சு வச்சுத்தான் பார்க்கறேன், ஒண்ணும் தெரியலை, அந்தக் குளிர்காலத்துக் காய்ச்சல் என் வீட்டுக்கும்தான் வந்துச்சு. என் கை பக்குவத்தை மறக்கலைன்னு சொல்ல எனக்கு நீங்க குடுத்த ரிப்பனை விட்டா வேற யாரு இருந்தா?