மோரிப்புக்கு முதல்ல வந்தவன்

வாணி: ...அப்போ நீங்கதான் முதல்லயா? நெஜமாவா?

லோகன்: ஆமாலா. எத்தன தடவ கேப்பே?

வாணி: கிள்ளாங்லேர்ந்து மோரிப் கடற்கரை வரைக்கும் சைக்கிள்ல... அதுவும் உங்க கூட்டாளி ரிஷி அண்ணன முந்திக்கிட்டு... என் புருஷன்! இருங்க, கடல் பக்கம் திரும்பி நில்லுங்க. வயித்த உள்ள இழுங்க.

லோகன்: போட்டோ வேணாம் வாணி.

வாணி: எடுத்தாச்சு. எங்கண்ணனுக்கு அனுப்பியும் ஆச்சு.

லோகன்: அலாமாக்! அவனுக்கு ஏன் அனுப்புனே?

வாணி: ஏனா? நேத்து பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஓடி முடிச்சு, தோசைக் கடை வாசல்ல நீங்க வாந்தி எடுத்தப்ப எப்படி சிரிச்சான்? கடையே திரும்பிப் பார்த்துச்சு. "நாளைக்கு மாப்ள பாதி வழியில இருக்கற ஜெஞ்சாரோமத் தாண்டுனா என் மீசைய எடுக்கறேன்"னு சொன்னான்ல? இப்ப எடுக்கட்டும்.

லோகன்: நேத்து... வெயிலு.

வாணி: காலங்காத்தால என்னா வெயிலு? சரி, அத விடுங்க. எங்க வெச்சு முந்துனீங்க?

லோகன்: ஜெஞ்சாரோம் பக்கம். செம்பனைத் தோட்டம் வருமே, அங்க. அவன் முன்னால போயி கொஞ்சம் நின்னான்... நான் ஒரே மிதி.

வாணி: ஏன் நின்னாரு?

லோகன்: தண்ணி குடிக்க... என்னமோ. நான் பார்க்கல.

வாணி: அதோ, வராரே! ரிஷி அண்ணே! இங்க, இங்க! என்னா இவ்ளோ லேட்டு? இவரு வந்து நாசி லெமாக்கே சாப்ட்டு முடிச்சிட்டாரு.

ரிஷி: டயர்ல காத்து போச்சு தங்கச்சி.

வாணி: ஆங்... ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தோத்தா ஒடனே டயர் மேல பழியா?

ரிஷி: அப்படியே வெச்சுக்க. உன் வீட்டுக்காரரு இன்னிக்கு மிதிச்ச மிதி அந்த மாதிரி.

லோகன்: டேய்...

வாணி: இதயே ஒரு வீடியோவுல சொல்லுங்கண்ணே. எங்கண்ணன் காதால கேக்கட்டும்.

லோகன்: வாணி, போதும்!

வாணி: ஏன் இப்படி கத்துறீங்க? சந்தோஷத்துல பேசக் கூடாதா?

ரிஷி: நீ எடு தங்கச்சி. "லோகன்தான் முதல்ல வந்தான். நான் பின்னாலதான் வந்தேன்." போதுமா?

வாணி: சூப்பர்! ...ஐயோ, அண்ணே, காலுல என்னா? சாக்ஸெல்லாம் ரத்தம்!

ரிஷி: சைக்கிள் சப்பாத்து. போட்டுக்கிட்டு நடந்தா கடிக்கும்.

வாணி: நடந்தீங்களா? எவ்ளோ தூரம்?

ரிஷி: கொஞ்சம்தான்.

வாணி: கார்ல பிளாஸ்டர் இருக்கு. அப்படியே இளநியும் வாங்கிட்டு வரேன். ...ஏங்க, எங்கண்ணன் பதில் போட்டுட்டான்! "மாப்ளகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. மீசை போச்சு"ன்னு. பார்த்தீங்களா? இருங்க, வந்துர்றேன்.

லோகன்: எவ்ளோ தூரம்டா நடந்தே?

ரிஷி: மோட்டார் கடை வர்ற வரைக்கும். ஞாயித்துக்கிழம, முதல் கடை பூட்டிக் கெடந்துச்சு. அடுத்த கடையில அங்கிளோட பம்பு மூக்கு நம்ம சைக்கிளுக்கு சேரல. பாவம், அமுக்கிப் பிடிச்சு ஒரு வழியா ஏத்திவிட்டாரு.

லோகன்: உன் பம்பு...

ரிஷி: உன் பேக்ல. காலையில நான்தான குடுத்தேன்.

லோகன்: தெரியும்.

ரிஷி: ம்.

லோகன்: மச்சா... நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.

ரிஷி: தெரியும்.

லோகன்: எப்படி?

ரிஷி: திரும்பவும் கூப்பிட்டேன். அப்ப இன்னும் வேகமா மிதிச்சியே.

லோகன்: வெக்கமா இருக்குடா. லோரி சத்தத்துல கேக்கலன்னு சொல்லிக்கலாம்னு வழியெல்லாம் பொய்ய தயார் பண்ணிக்கிட்டே வந்தேன். அவ போட்டோ எடுத்தா... நானும் வயித்த இழுத்துக்கிட்டு நின்னேன். மனுஷனா நானு?

ரிஷி: விடு.

லோகன்: ஒரே ஒரு தடவடா. எனக்கு முன்னால யாரும் இல்லாம ஒரே ஒரு தடவ...

ரிஷி: எப்படி இருந்துச்சு?

லோகன்: கேக்காதடா. திட்டு. ரெண்டு அறையாவது விடு.

ரிஷி: பசிக்குதுலா. நாசி லெமாக் மிச்சம் இருக்கா?

லோகன்: டயரக் குடு, ஒட்டித் தரேன். அதையாவது செய்யறேன்.

ரிஷி: வேணாம். சைக்கிள தொடாத.

லோகன்: ஆணியா, கண்ணாடியா?

ரிஷி: தொடாதன்னு சொன்னேன்ல.

லோகன்: அந்த அங்கிள் ஒட்டு போட்டாரா?

ரிஷி: காத்துதான் அடிச்சாரு.

லோகன்: ஓட்டைய அடைக்காம காத்தடிச்சா எப்படி நிக்கும்? அங்கேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கே... இரு, அமுக்கிப் பார்க்கறேன்...

ரிஷி: லோகா, விடுடா.

லோகன்: கல்லு மாதிரி இருக்கு. ரிஷி... இது பஞ்சரே இல்ல. பின்ன எப்படி காத்து போச்சு? என் மூஞ்சப் பார்த்து சொல்லு!

ரிஷி: நான்தான் எறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தா உன் உதடு வெளுத்துக் கெடக்கு, சைக்கிள் தள்ளாடுது. கொஞ்சம் உக்காருன்னு சொன்னா ரோஷத்துல இன்னும் மிதிப்பே. பம்பு உன்கிட்டதான இருக்கு... எனக்கு ஒண்ணுன்னா நீ நிப்பேன்னு நெனச்சேன்டா.